மேல்நிலைப் பள்ளிச் சேர்ந்திசைப் போட்டி: நடுவர் எதைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும்?

அரசலாறு எழுதியது:

கும்பகோணம் பக்கத்தில் நடந்த மேல்நிலைப் பள்ளிகளுக்கான சேர்ந்திசைப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்தேன். பள்ளிகளின் பெயர் வேண்டாம். முடிவை அறிவித்த பிறகு இரண்டு பாட்டு ஆசிரியர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் தோற்றவர், மற்றவர் ஜெயித்தவர். ஜெயித்தவருக்கு உச்சரிப்பில் நான் கை இறுக்கிவிட்டேன் என்ற வருத்தம்.

எங்களுக்குக் கொடுத்த தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன: குரல்வளம், சுருதி, தாளம், உச்சரிப்பு, மேடைத் தோற்றம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். முதல் பரிசு பெற்ற குழுவில் அபாரமான சாரீரம் உள்ள ஒரு மாணவி இருந்தாள். மேல் சட்ஜத்தில், அதாவது மேல் ‘ச’வில் நின்று, பிருகா என்னும் அதிவேகச் சுர உருட்டல்களை உதிர்த்தாள். மைக் அவளுக்கு முன்னால். பின்வரிசைப் பிள்ளைகள் பாடினார்களா, உதட்டை மட்டும் அசைத்தார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. காதில் விழுந்தவை அவள் குரலும் கீபோர்டும்தான். மூன்றாம் இடம் பெற்றது ஓர் அரசுப் பள்ளி. தனியாகப் பாடச் சொன்னால் அதில் ஒருவரும் கச்சேரிக்குத் தேற மாட்டார்கள். ஆனால் சேர்ந்து பாடியபோது ஒரே ஒலி. சரண முடிவில் அத்தனை பேரும் ஒரே கணத்தில் நிறுத்தினார்கள்.

மற்ற இரு நடுவர்களும் “முதல் குழுவில்தான் குரல்வளம் அதிகம்” என்றார்கள். அந்தத் தாளின்படி அவர்கள் சொன்னது சரி. தாள்தான் கோணல் என்பது என் கட்சி. சேர்ந்திசையில் ‘குரல்வளம்’ என்று ஒரு கட்டம் போட்டால், யாருடைய குரலுக்குப் போடுவது? நடத்துபவர்கள் அடுத்த ஆண்டுக்குப் புதிய தாள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருபவர்கள், கோவிலிலோ தேவாலயத்திலோ குழுவாகப் பாடுபவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் காது எதைத் தேடும்?

குடமுருட்டி எழுதியது:

அம்மா, முதலில் சுருதி. அது இல்லையென்றால் மற்றக் கட்டங்களை நிரப்பவே வேண்டாம்.

ஆனால் சுருதிக்குப் பத்துக்கு எத்தனை என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எல்லா நடுவரும் ஏழு போடுவார்கள். இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு கேட்க வேண்டும். முதலாவது, எடுத்த சட்ஜத்திலேயே முடிக்கிறார்களா என்பது. சுருதிப்பெட்டி இல்லாமல் பாடும் பிள்ளைகள் பெரும்பாலும் இறங்குவார்கள். அவரோகணத்தில், அதாவது சுரங்கள் இறங்கும் வரிசையில், ஒவ்வொரு படியிலும் மயிரிழை கூடுதலாக இறங்கினால் பாட்டு முடியும்போது சுருதி அரைக் கட்டை இறங்கிப் போயிருக்கும். நடுவரின் மேசையில் ஒரு சுருதிப்பெட்டி இருந்தால் போதும். கடைசிச் சுரம் நின்ற கையோடு காதருகே வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, காந்தாரம், அதாவது ‘க’ என்ற சுரம். தமிழ்த்தாய் வாழ்த்தைக் கட்டாயப் பாடலாக வையுங்கள். டெல்டாவில் அதைப் பாடாத பள்ளி கிடையாது. மோகன ராகம், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று அரசாணையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆக, காலப்பிரமாணத்துக்கும் அளவு கையில் இருக்கிறது. அந்த அரசாணை இன்னொன்றும் சொல்கிறது: இசைத்தட்டைப் போடாமல், பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும். இதை எத்தனை விழாக்களில் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. மோகனத்தில் ஐந்தே சுரங்கள், ஒளிந்துகொள்ள இடமில்லை. அதில் வரும் அந்தர காந்தாரம் தணிந்தால் பாட்டே தூங்கிவிடும். தினமும் காலை வழிபாட்டில் பாடுகிற பாட்டையே ஒரு குழு சுத்தமாகப் பாடவில்லையென்றால், அது போட்டிக்குக் கொண்டுவரும் பெரிய உருப்படியைக் கேட்டு நான் மயங்கமாட்டேன்.

தரங்கைக் கரை எழுதியது:

குடமுருட்டி ஐயா சொன்ன சுருதிச் சோதனையை முழுமனதாக ஏற்கிறேன். நான் தரங்கம்பாடிப் பக்கம் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன், பாடகர் குழுவும் என் பொறுப்பு. சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய கரை இது. லுத்தரன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் கூட்டமாகப் பாடும் பழக்கத்துக்கு முந்நூறு ஆண்டு வயது. அந்த அனுபவத்தில் மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

குரல் கலப்பு. கண்ணை மூடிக் கேட்கும்போது தனி ஒருவரை அடையாளம் காட்ட முடிந்தால் அங்கே கலப்பு இல்லை. அந்த ஒருவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் குழுவின் கணக்கில் அது குறைதான். அரசலாறு அம்மா சொன்ன மாணவி தனிப்பாட்டில் முதல் பரிசு வாங்க வேண்டியவள். அவளைக் குழுவுக்குள் பாட வைக்கத் தெரியாதது பயிற்றுநரின் குறை. கலப்புக்கு முதல் மருந்து உயிரெழுத்து. ‘ஆ’ என்று நிற்கும் இடத்தில் பாதிப் பேர் வாயை அகலமாகவும் பாதிப் பேர் உயரமாகவும் திறந்தால், சுருதி சரியாக இருந்தாலும் ஒலி கலங்கும். கேட்பவர்கள் சுருதி சேரவில்லை என்று நினைப்பார்கள். பல பள்ளிகளில் சுருதிக் குறை என்று எழுதப்படுவது உண்மையில் வாய் திறக்கும் குறை.

மூச்சு. நீண்ட கார்வையில், அதாவது ஒரே சுரத்தை இழுத்து நிற்கும் இடத்தில், எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கினால் ஒலியில் ஓட்டை விழும். பக்கத்தில் இருப்பவர் வாங்காத நேரத்தில் தான் வாங்க வேண்டும். சொல்லின் நடுவே, மெதுவாக விட்டு, மெதுவாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். அதைப் பழகிய குழு அரை நிமிடம்கூட ஒரே சுரத்தில் நிற்கும்.

மூன்றாவதைச் சொன்னால் சண்டை வரும், பரவாயில்லை. குறைந்தது இரண்டு குரல்வரிசையாவது, அதாவது ஒரே நேரத்தில் இரு பிரிவினர் வெவ்வேறு சுரங்களில் பாடுவதாவது, இல்லாமல் பாடுவதைச் சேர்ந்திசை என்று எப்படி அழைப்பது? சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று உயர்ந்த பெண் குரலிலிருந்து தாழ்ந்த ஆண் குரல் வரை நான்கும் கேட்கவில்லை. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்து நம் மொழிப் பாட்டுகளையே குரல்வரிசை பிரித்துப் பாடிக் காட்டினாரே. பள்ளிப் பிள்ளைகளால் முடியாதா?

குடமுருட்டி எழுதியது:

தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் திருப்பதியம், அதாவது தேவாரம், பாட 48 பிடாரர்களை, அதாவது ஓதுவார்களை, வைத்தான், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. நாற்பத்தெட்டுப் பேரும் பாடியது ஒரே பண், ஒரே வரிசை. அவர்கள் பாடியது சேர்ந்திசை இல்லை என்றால் நெல்லைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

தரங்கைக் கரை எழுதியது:

நெல் அவர்களுக்கே இருக்கட்டும் ஐயா. ஒரே வரிசையில் பாடுவது எளிது என்று நான் சொல்லவில்லை. உண்மையில் அதுதான் கடினம், பிழை ஒளியாது. இரண்டு வரிசைக்குத் தனியாக ஊக்க மதிப்பெண் வைக்கலாம் என்பதுதான் என் கோரிக்கை.

மைக்செட் எழுதியது:

இருபது ஆண்டுக்கு மேலாக மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒலிபெருக்கி கட்டுகிறேன். எனக்கு ராகம் தெரியாது. நீங்கள் எல்லோரும் நடுவர் குழுவைக் கேட்கிறார் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். அவர் கேட்பது என் ஆம்ப்ளிஃபயரை.

நடப்பதைச் சொல்கிறேன். மேடையில் ஒரு கைமைக், ஒரு ஸ்டாண்டு மைக். கைமைக் தைரியசாலிப் பிள்ளையின் கையில் போகும். கைமைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியிருப்பதை மட்டும்தான் வாங்கும்; மூன்றடி பின்னால் நிற்பவர் அதற்கு இல்லாதவர். நாற்பது பேர் சமைத்த விருந்தில் ஊறுகாயை மட்டும் இலையில் வைத்துவிட்டு ருசி கேட்கிற கதை. அதோடு தலைமையாசிரியர் யாராவது வந்து “எக்கோ கொஞ்சம் ஏற்றுப்பா” என்பார். எக்கோ ஏறினால் எடுப்பும் முடிப்பும் மங்கும். இருபது பேர் இருபது நேரத்தில் நிறுத்தினாலும் ஒரே வாலாகக் கேட்கும். மோசமான குழுவுக்கு லாபம், நல்ல குழுவுக்கு நஷ்டம்.

கூம்பு ஒலிபெருக்கியாக இருந்தால் அடிக்குரலே வெளியே வராது. பெரிய பையன்கள் பாடியது வீண்.

என் யோசனை: பள்ளி மண்டபத்துக்குள் நடந்தால் மைக்கே வேண்டாம். முப்பது பிள்ளைகள் பாடினால் முந்நூறு நாற்காலிக்குக் கேட்கும், மின்விசிறியை நிறுத்தினால் போதும். திறந்தவெளிப் பந்தல் என்றால் குழுவுக்கு முன்னால் ஆறேழு அடி தள்ளி, தலைக்கு மேலே உயரத்தில் இரண்டு மைக். கைக்கு எட்டக் கூடாது. எட்டினால் எடுத்துவிடுவார்கள்.

அரசலாறு எழுதியது:

மைக்செட் அண்ணா, இதை எழுதியதற்கு மிகவும் நன்றி. அன்று வென்ற பள்ளியின் கையில் இருந்தது நீங்கள் சொன்ன அதே கைமைக்.

மின்விசிறியை நிறுத்தினால் மாசி மாத மத்தியானத்தில் நடுவர்கள் மயங்கி விழுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியை. பாடத் தெரியாது, ஆனால் ஒலிப் பாடம் நடத்தும்போது எங்கள் பள்ளிக் குழுவையே எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். மேடையின் இரு முனைகளில் நிற்பவர்களுக்கு இடையே 7 மீட்டர் என்றால் ஒருவர் குரல் மற்றவரை அடைய 20 மில்லிநொடி ஆகும், தாமதம் சிறிதுதான். ஆனால் கீபோர்டின் ஒலி மேடைக்கு எதிரே, பந்தலின் மறுகோடியில் கட்டிய பெட்டியிலிருந்து 35 மீட்டர் பயணம் செய்து வந்தால் பத்தில் ஒரு நொடி பிந்தும். பிள்ளைகள் அதைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுபடும். நடுவர் அதைத் தாளக் குறை என்று எழுதுவார். கைத்தாளம் போடும் ஒருவரை எல்லோரும் கண்ணால் பார்த்துப் பாடினால் இந்தச் சிக்கல் இல்லை. கண்ணுக்குத் தாமதம் கிடையாது.

இன்னொன்று, கத்துவது. சுற்றி ஒலி பெருகப் பெருக மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்டு 1911-இல் இதைப் பதிவு செய்தார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நெருக்கியடித்து நிற்கும் குழுவில் தன் குரல் தனக்குக் கேட்காத பிள்ளை என்ன செய்யும்? கத்தும். பக்கத்துப் பிள்ளை அதைவிடக் கத்தும். நடுவர் ‘குரல்வளம் 9’ போடுவார். பாடகருக்குத் தன் குரலும் மற்றவர் குரலும் எந்த விகிதத்தில் கேட்க வேண்டும் என்று ஸ்வீடனில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். செய்முறையாகச் சொன்னால், தோளோடு தோள் உரசாமல் ஒரு முழ இடைவெளி விட்டு, பின்வரிசையை ஒரு படி உயர்த்தி நிறுத்தினாலே பாதிக் கூச்சல் அடங்கும். மேடைத் தோற்றம் என்ற கட்டத்தில் பட்டுப்பாவாடைக்கு மதிப்பெண் போடுவதைவிட இதற்குப் போடலாம்.

குடமுருட்டி ஐயாவின் காந்தாரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. சென்ட் என்பது சுர இடைவெளியை அளக்கும் அலகு. தம்பூரா சுருதியோடு இயல்பாக ஒட்டும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்கும். கீபோர்டில் அது 400 சென்ட். வித்தியாசம் 14. ஆக, கீபோர்டோடு பழகிய குழுவைச் சுருதிப்பெட்டியோடு பாட வைத்தால் காந்தாரம் கொஞ்சம் ஏறிக் கேட்கும், அது பிள்ளைகளின் குற்றமாகாது. பஞ்சமத்தில், அதாவது ‘ப’வில், இந்தத் தொல்லை இல்லை, இரண்டு சென்ட்தான் வித்தியாசம். இசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் சுருதிக் கணக்குக்காகவே 1912 முதல் தஞ்சாவூரில் மாநாடு கூட்டிய மண் இது. நாம் போட்டித் தாளில் ‘துணை வாத்தியம் எது’ என்று ஒரு வரியாவது சேர்க்கலாம்.

குடமுருட்டி எழுதியது:

டீச்சர், அதனால்தான் கீபோர்டே கூடாது என்கிறேன். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தையும் கொல்கிறது, காந்தாரத்தையும் கெடுக்கிறது.

தரங்கைக் கரை எழுதியது:

ஆர்மோனியமும் அதே 400 சென்ட்தானே ஐயா. நீங்கள் தேவாரத்துக்கு எதை வைத்துக்கொள்கிறீர்கள்?

குடமுருட்டி எழுதியது:

சுருதிப்பெட்டி. ச, ப மட்டும்.

பழையாறைத் தமிழாசிரியர் எழுதியது:

உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்று காத்திருந்தேன். போட்டிகளில் ‘உச்சரிப்பு’ என்றால் ழகரம் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ழகரத்தை வேண்டுமென்றே உருட்டி உருட்டிக் காட்டும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அது இன்னொரு பிழை. தமிழ்த்தாய் வாழ்த்தில் ‘எழிலொழுகும்’ என்ற ஒரு சொல் போதும் சோதனைக்கு. ழ, ல, மறுபடி ழ. நாக்கு ஓடியாட வேண்டும். தனியாகச் சரியாகச் சொல்லும் பிள்ளைகளும் கூட்டத்தில் ‘எளிலொளுகும்’ என்று போய்விடுவார்கள், ஏனென்றால் பக்கத்தில் ஒருவர் அப்படிச் சொல்கிறார்.

அதற்கு முந்திய சீரையும் பாருங்கள். ‘நிலமடந்தைக்கு எழிலொழுகும்’ என்பது யாப்புக்காக ‘நிலமடந்தைக் கெழிலொழுகும்’ என்று அச்சாகிறது. அச்சைப் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைகள் ‘நிலமடந்தைக்’ என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுக் ‘கெழில்’ என்று புதிதாக ஒரு பொருளைத் தொடங்குகிறார்கள். பொருள் தெரிந்து பாடுகிறார்களா என்பது அந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும். தரங்கைக் கரை சொல்லின் நடுவே மூச்சு வாங்கச் சொல்கிறார். ஆளுக்கொரு நேரத்தில் வாங்கினால் காதில் விழாது, ஒப்புக்கொள்கிறேன். முப்பது பேரும் ஒன்றாக அங்கே வாங்கினால் சொல் இரண்டாக வெட்டுப்படும்.

பெரிய குறை குற்றியலுகரத்தில் இருக்கிறது. ‘நாடு’, ‘பாட்டு’, ‘அன்பு’ ஆகிய சொற்களின் கடைசி உகரத்துக்கு அரை மாத்திரைதான். இதழ் குவியாது. சேர்ந்திசையில் சொல் வரியின் முடிவில் வந்து, மெட்டு அங்கே கார்வை கேட்டால், பிள்ளைகள் உதட்டைக் குவித்து ‘நாடூஊஊ’ என்று நிற்கிறார்கள். முப்பது பேர் சேர்ந்து செய்யும்போது ஊளையிடுவதாகவே கேட்கும். முந்திய நெடிலில், அதாவது ‘நா’வில் நின்றுவிட்டு, கடைசியில் ‘டு’வை விட்டுவிட வேண்டும். பழைய ஓதுவார்கள் இதை யாரும் சொல்லாமலே செய்வார்கள். ஐகாரமும் அப்படியே, ‘மலை’ என்று முடிந்தால் அகரத்தில் நின்று இறுதியில் யகரச் சாயலைக் காட்டி முடித்தால் ஒலி திறந்திருக்கும்.

மெய்யில் முடியும் சொற்களுக்கு ஒரு குறிப்பு. ‘ம்’ வந்தவுடன் வாயை மூடிக்கொண்டு முனகுவதா, உயிரில் நின்று கடைசியில் மூடுவதா என்பதைப் பயிற்றுநர் முடிவு செய்யட்டும். ஆனால் எல்லோரும் ஒன்றைச் செய்ய வேண்டும். நடுவர் கேட்க வேண்டியது அந்த ஒற்றுமையை.

அரசலாறு எழுதியது:

ஐயா, ‘நாடூ’ பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஜெயித்த பள்ளிக்கு நான் உச்சரிப்பில் கை இறுக்கியதன் காரணமும் அதுதான்.

திருமலைராஜன் எழுதியது:

நான் நடுவரும் இல்லை ஆசிரியரும் இல்லை. பள்ளியில் குழுவில் இருந்தவன். எட்டாம் வகுப்பு வரை முன்வரிசை. ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்தது. “நீ பாடாதே, உதட்டை மட்டும் அசை” என்றார் பயிற்றுநர். போட்டியன்று அப்படியே நின்றேன். என்னோடு இன்னும் சிலர். பள்ளிக்குப் பரிசு கிடைத்தது. அதன் பிறகு நான் எங்கும் பாடியதில்லை.

இதை மதிப்பெண் தாளில் எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். உதட்டை மட்டும் அசைப்பவர்களை நடுவரால் கண்டுபிடிக்க முடியுமா?

தரங்கைக் கரை எழுதியது:

தம்பி, கண்டுபிடிக்கலாம். மூச்சு வாங்கும்போது தோளும் விலாவும் அசையும், பாடாதவருக்கு அசையாது. முதல் வரிசையிலிருந்து பார்த்தால் தெரியும்.

உங்களுக்கு நடந்தது பல பள்ளிகளில் நடக்கிறது, தேவையே இல்லாமல். குரல் மாறும் காலத்தை அமெரிக்கரான ஜான் குக்சி படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எந்தச் சுரங்கள் வசதியாக வரும் என்று எழுதியிருக்கிறார். குரல் உடைந்த பையனுக்குப் பாட்டு போவதில்லை, எல்லைதான் குறுகுகிறது. ஆறேழு சுரம் இருக்கும். அந்த ஆறேழுக்குள் ஒரு வரிசை எழுதிக் கொடுத்தால் அவன் பாடுவான். நான் இரண்டு குரல்வரிசை கேட்டதற்கு உண்மைக் காரணம் இதுதான், மேல்நாட்டு மோகம் இல்லை. சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நின்றுகொண்டே போகும் ஒரு வரிசை போதும்.

கட்டையை, அதாவது ‘ச’வை எந்த உயரத்தில் வைப்பது என்பதை, தேர்ந்தெடுப்பதும் இதில் சேரும். பெண் பிள்ளைகளுக்கு வாகாக 5 கட்டையில் எடுத்தால் பையன்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு ஸ்தாயி இறங்கினால் அடி எட்டாது, ஏறினால் மேல் சட்ஜத்தில் குரல் கிழியும். 1 கட்டைக்கு இறக்கினால் பெண்களின் கீழ்ப் பஞ்சமம் காற்றாகிவிடும். 2½, 3 கட்டையில் பெரும்பாலான கலப்புக் குழுக்கள் சமாளிக்கும். போட்டியில் பாதிப் பள்ளிகள் கீபோர்டில் என்ன கட்டை வைத்திருந்ததோ அதிலேயே பாடிவிட்டுப் போகின்றன. கட்டையைக் குழுவுக்கு ஏற்ப வைத்திருக்கிறார்களா என்பதற்கு நான் தனி மதிப்பெண் தருவேன்.

குடமுருட்டி எழுதியது:

சட்ஜ பஞ்சமத்தில் நிற்கும் வரிசை என்றால் அது ஒத்து. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் சுருதிக்காக ஒரே சுரத்தில் ஒத்து ஊதுவதில்லையா? இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் 48 பேரையும் நான் இழுத்திருக்க மாட்டேன். சரி, ஏற்கிறேன்.

டெக்சாஸ் மன்னை எழுதியது:

மன்னார்குடியில் படித்து இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். மகள் இங்கே உயர்நிலைப் பள்ளிக் குழுவில் பாடுகிறாள். இங்குள்ள முறையைச் சொல்கிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் என்ற அமைப்பு மாநிலம் முழுவதும் பள்ளிகளின் இசை மதிப்பீட்டை நடத்துகிறது. குழு மேடையில் தயாரித்த பாடல்களைப் பாடும், மூன்று நடுவர்கள் கேட்பார்கள். அடுத்து வேறோர் அறைக்குப் போய், முன்பின் பார்க்காத ஓர் உருப்படியைச் சில நிமிடம் படித்துவிட்டுப் பாட வேண்டும். அங்கே வேறு மூன்று நடுவர்கள். மதிப்பீடு ஒன்று முதல் ஐந்து வரை, ஒன்று சிறந்தது. முக்கியமான செய்தி, பள்ளிகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அளவுகோலோடுதான் மோதுகின்றன. பத்துப் பள்ளிகள் நன்றாகப் பாடினால் பத்துக்கும் ‘ஒன்று’ கிடைக்கும். நடுவர்கள் தாளில் எழுதும் குறிப்புகளைப் பயிற்றுநர் வகுப்பில் வாசித்துக் காட்டுவார். மகள் பள்ளிக்குக் கிடைத்த ஒரு தாளில், ஆல்டோ வரிசை இறங்கு சுரங்களில் தணிகிறது என்று எந்த இடம் என்பதோடு எழுதியிருந்தது. அதைப் பிள்ளைகள் திருத்திக்கொள்ள முடியும். ‘சுருதி 7’ என்பதை வைத்து என்ன திருத்துவது?

மைக்செட் எழுதியது:

எல்லோருக்கும் ஒன்று என்றால் கோப்பையை யாருக்குக் கொடுப்பது? கோப்பை இல்லாமல் இங்கே நன்கொடை தருபவர் வரமாட்டார் சார். கோப்பையில் அவர் பெயர் இருக்கும்.

வெண்ணாறு எழுதியது:

முன்பின் பார்க்காத பாட்டு என்பது நம் பக்கம் நடக்காது. பல அரசுப் பள்ளிகளில் இசைக்கு ஆசிரியரே இல்லை, இருந்தாலும் பகுதிநேரம். பாட்டுக் கேட்கப் பிடித்த கணக்கு ஆசிரியர்தான் குழுவைத் தயார் செய்கிறார். சுரம் வாசிக்கத் தெரிந்த தனியார் பள்ளிகள் மட்டும் ஜெயிக்கும்.

குடமுருட்டி எழுதியது:

முழுப் பாட்டு வேண்டாம் டீச்சர். நடுவர் நான்கைந்து சுரம் பாடிக் காட்டட்டும். ஒரே தடவை. குழு திருப்பிப் பாடட்டும். ஏடு இல்லாமல் காதால் கற்ற முறைதானே நம்முடையது? கணக்கு ஆசிரியரின் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். காதுள்ள குழுவும் உருப்போட்ட குழுவும் ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும்.

பழையாறைத் தமிழாசிரியர் எழுதியது:

இந்தச் சோதனை மிக நன்று. ஒரு ஐயம்: திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் சிலர், “அங்கே நூற்றுக்கணக்கானோர் பாடுகிறார்கள், கலப்பாவது ஒன்றாவது” என்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

குடமுருட்டி எழுதியது:

அது அஞ்சலி. அங்கே நடுவர் யாரும் உட்கார்ந்து மதிப்பெண் போடுவதில்லை. ஆனாலும் கவனித்துப் பாருங்கள், எடுப்பில் முன்வரிசை வித்துவான்களின் கையைப் பார்த்துத்தான் கூட்டம் முழுவதும் சேரும். வெண்ணாறு டீச்சர் சொன்ன கண்.

அரசலாறு எழுதியது:

இதுவரை வந்ததை வைத்துத் தாளை இப்படி எழுதி அனுப்பப் போகிறேன். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

‘குரல்வளம்’ எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ‘குரல் கலப்பு’. தனிக்குரல் ஒன்று துருத்திக்கொண்டு கேட்டால் பாதிக்கு மேல் கிடையாது. சுருதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட இரட்டிப்பு. கட்டாயப் பாடல் தமிழ்த்தாய் வாழ்த்து, சுருதிப்பெட்டி மட்டும் துணை. நடுவர் பாடும் சுரவரிசையைத் திருப்பிப் பாடுவது அதற்குள்ளேயே அடங்கும். தாளத்தோடு எடுப்பும் முடிப்பும். உச்சரிப்பில் தமிழாசிரியர் ஐயா சொன்னவை. மூச்சை எங்கே வாங்குகிறார்கள் என்பதும் அங்கே. மேடைத் தோற்றம் போய், ‘நிற்கும் முறையும் கட்டைத் தேர்வும்’ வருகிறது. இரண்டாம் குரல்வரிசைக்கோ ஒத்துக்கோ ஊக்க மதிப்பெண். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ‘எந்த வரியில், என்ன கேட்டது’ என்று எழுத இடம். எழுதாமல் எண் மட்டும் போட்ட நடுவரின் தாள் செல்லாது. தாளைப் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

திருமலைராஜன் தம்பிக்காக ஒரு விதி: மேடையில் நிற்பவர் அனைவரும் பாட வேண்டும். உதட்டசைப்பு தெரிந்தால் கலப்பில் மதிப்பெண் வெட்டு.

திருமலைராஜன் எழுதியது:

நன்றி அக்கா. ஒரு திருத்தம் மட்டும். அந்த விதி வந்தால் குரல் உடைந்தவர்களை மேடையிலேயே ஏற்றமாட்டார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்கள் இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுத முடியுமா? கலப்புப் பள்ளிகளுக்கு மட்டும்.

அரசலாறு எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தாய் தம்பி. சேர்த்துவிட்டேன், நான்கில் ஒரு பங்கு என்று.

தரங்கைக் கரை எழுதியது:

சுருதிப்பெட்டி மட்டும் துணை என்பது கட்டாயப் பாடலுக்குத்தானே? விருப்பப் பாடலுக்குக் கீபோர்டு உண்டா? கிறித்தவப் பள்ளிகள் கேட்கும்.

குடமுருட்டி எழுதியது:

கூடாது.

அரசலாறு எழுதியது:

உண்டு. ஆனால் தானாகத் தாளம் போடும் பொத்தானை அமுக்கக் கூடாது, பாட்டு மெட்டை அதில் வாசிக்கவும் கூடாது. குடமுருட்டி ஐயா என்னை மன்னிக்க வேண்டும்.

நடத்துபவர்கள் தொலைபேசியில் பேசினார்கள். தாளை ஒப்புக்கொண்டார்கள். டெக்சாஸ் முறையைப் போலத் தரவரிசை வேண்டாம் என்றதை ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பைகளுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். கைமைக்கை எடுத்துவிடலாம் என்றதற்கு, சிறப்பு விருந்தினர் பேச அது வேண்டும் என்றார்கள்.

மைக்செட் எழுதியது:

விருந்தினர் பேசி முடித்ததும் நான் எடுத்துப் பெட்டியில் பூட்டிவிடுகிறேன் அம்மா. தேதி சொல்லுங்கள், பங்குனியில் எனக்குத் திருவிழாக்கள் அதிகம்.

குடமுருட்டி எழுதியது:

கீபோர்டையும் அதே பெட்டியில் வைக்க இடம் இருக்குமா?